காரணம் என்னும் கட்டம்

எட்டரைக்கு உள்ளே வந்தவர்.
ஒன்பது பத்துக்குத்தான் கத்தி வைத்தோம்.
மதுரையிலிருந்து வியாழன்தோறும் வரும்
டாக்டர் மாசிலாமணியின் கணக்கு மூன்று மணி நேரம்.
பலகையில் எழுதியது நான்:
ஒன்று, சீனி செய்யது, கீழக்கரை,
தொடையிலிருந்து முழங்காலுக்குக் கீழே மாற்றுப்பாதை.
இரண்டு, ஞானசௌந்தரி, தங்கச்சிமடம்,
டயாலிசிஸுக்குக் கையில் குழாய் இணைப்பு.

நூற்றிப் பதினெட்டு கிலோ.
"பேருலயே சீனிய வச்சுட்டாக,
ரத்தத்துல இல்லாமப் போகுமா சிஸ்டரு?"
முதுகெலும்பின் இடைவெளி தேடி
மூன்று முறை ஊசி தோற்றது.
கடைசியில் முழு மயக்கம்.
சிரிப்பு பாதியில் நின்றது.

ஒல்லியானவர்களிடம் இரண்டு விரல் இறங்கினால்
தமனி தானே கைக்கு வரும்.
இவரிடம் உள்ளங்கை மறைந்த பிறகும்
துடிப்பு இன்னும் கீழே எங்கோ.
சுறா ஈரல் எண்ணெயின் மஞ்சள்,
அடுக்கடுக்காக,
விலக்கினால் திரும்ப வந்து மூடுகிறது.
எங்கள் ரிட்ராக்டர் எட்டவில்லை.
நீளமானதைப் பிரசவப் பிரிவில் இரவல் வாங்கி
அவித்து எடுக்க நாற்பது நிமிடம்.
பிடித்து நின்ற பயிற்சி டாக்டர் பையனுக்கு
முழங்கை நடுங்கியது.
காலில் எடுக்க வேண்டிய சிரை
கொழுப்புக்குள் நழுவி நழுவி ஒளிந்தது.
பதினொன்று ஐம்பதுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் உறுமும்வரை
"யாரும் அசையாதீங்க" என்ற குரல் மட்டும்
இருட்டில்.

முந்தின நாள் கையெழுத்து வாங்கப் போனபோது சொன்னார்:
சங்கு குளித்தவர்.
ஒரே மூச்சில் எட்டுப் பாகம்.
"கல்லக் கட்டிக்கிட்டு முங்குவோம்.
கீழ போனதும் அவுத்து விட்டாத்தான் மேல வரலாம்."
வயிற்றைத் தட்டிக்கொண்டார்.
"இது அவுக்க மறந்த கல்லு."
காது கிழிந்து கடலை விட்டபின்
பதினெட்டு வருஷம் நண்டுக் கம்பெனியில்
எடை போடும் நாற்காலி.

இரண்டு மணிக்கு வெளியே போனேன்.
ஞானசௌந்தரி நேற்று ராத்திரி பத்திலிருந்து
பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல்.
"அடுத்த வியாழன்மா."
"பெருத்த மனுசனுக்குப் பெருத்த நேரம்,
எனக்கு மிச்சமா?" என்றாள்.
என்னிடம் பதில் இல்லை.
பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தேன்.
பன்னைத் தொடவில்லை.
பாலத்தில் காற்று அதிகம், பஸ் நிற்கிறதாம் என்று
யாரோ சொல்ல, எழுந்து வேகமாக நடந்தாள்.

மூன்று ஐந்துக்குக் கடைசித் தையல்.
ஐந்து மணி ஐம்பத்தைந்து நிமிடம்.
படிவத்தின் அடியில் கட்டைவிரல் அகலக் கட்டம்:
தாமதத்துக்குக் காரணம்.
"உடல் பருமன்னு போடு"
கை கழுவிக்கொண்டே சொன்னார் டாக்டர்,
ஐந்து மணி வண்டியைப் பிடிக்கிறவர்.
பொய் இல்லை.
ஆனால் இரவல் ரிட்ராக்டர்,
இருட்டில் நின்ற கை,
கிழிந்த காது, அந்த நாற்காலி,
சௌந்தரி தொடாத பன்,
எதுவும் அதில் அடங்கவில்லை.
ஆழம் என்று எழுதிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை திரும்பி வந்தது,
சிவப்பு வட்டம் போட்டு:
தெளிவாக எழுதவும்.

அன்று மாலை வார்டில்
அவர் பாதத்தில் டாப்ளர் முனையை வைத்தேன்.
இரைச்சல். இரைச்சல்.
பிறகு விசுக், விசுக்,
அவரும் செவிட்டுக் காதைத் திருப்பி
நல்ல காதால் கேட்டார்.
"எம்புட்டு நேரம் முங்கிக் கெடந்தீக எனக்குள்ள?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.
"அம்புட்டு மூச்சு எவனுக்கும் கெடையாதும்மா."

படிவம் இன்னும் என் மேசையில்தான்,
ஊசிப் பெட்டிக்கு அடியில்.